ஒன்பது

பணகுடி மைதானத்தில் பந்தை உயர உதைத்தால்
உதைத்தவள் தலைக்கு மேலேயே திரும்பி வரும்.
ஆடி மாதம்.
ஆரல்வாய்மொழிக் கணவாய் திறந்துவிட்ட காற்று.
வேலிக்கு அப்பால் காற்றாலைகள்
எங்களுக்குச் சம்பந்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

எட்டு அணி. தோற்றால் வீடு.
ஒன்பதரைக்கே களக்காட்டுக்காரிகள் தோற்று
பிரிக்காத இட்லிப் பொட்டலங்களோடு
வேனில் ஏறிவிட்டார்கள்.
ஒருத்தி மட்டும் பூட்ஸைக் கழற்ற மாட்டேன் என்று
படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் முக்கூடல். முதல் ஆட்டம் ஜெயித்தோம்.
பதின்மூன்று பேர் ஆட வேண்டும்.
டெம்போவில் வந்தது பதினான்கு பேர்,
அதில் ஒருத்தி கணக்கெழுதுகிறவள்.
எட்டுப் பேர் வீட்டில்
நனைத்து வைத்த பீடி இலை
முறத்தில் காத்திருந்தது.

ரக்பியில் பந்தை முன்னால் எறியக் கூடாது.
பின்னால் வருகிறவளுக்குத்தான் கொடுக்கலாம்.
ஆறு தடவை பிடிபட்டால் பந்து அவர்களுக்கு.
கோச் முதல் நாள் இதைச் சொன்னபோது
சுடலைவடிவு கேட்டாள்:
"அப்போ முன்னால எப்படி சார் போறது?"
"கையில வச்சிக்கிட்டு ஓடுட்டி."

அரையிறுதி திசையன்விளையோடு.
அவர்களும் பச்சை, நாங்களும் பச்சை,
ஜங்ஷனில் ஒரே கடை.
நடுவர் காசு சுண்டினார். அதிலேயே தோற்றோம்.
வேம்படியில் துப்பட்டாக்களைத் திரையாகப் பிடித்து
சட்டையை உள்புறம் வெளியாக மாட்டினோம்.
தையல் பிசிறெல்லாம் வெளியே.
என் ஒன்பது
என் முதுகோடு முகம் ஒட்டிக் கிடந்தது.

எட்டுக்கு எட்டு. நாலு நிமிடம் மிச்சம்.
"மூணு" என்று கத்தினாள் வடிவு. "நாலு."
அஞ்சு அவள் வாயில் இருக்கும்போதே
அவர்களுடைய ஒன்பது, பொன்சிலா,
இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் வந்தாள்.
பிடித்தேன்.
பிடித்தேன் என்றுதான் நினைத்தேன்.
தோளிலிருந்து கையளவு பச்சைத் துணி
டர்ரென்று என்னோடு வந்தது,
அவள் வரவில்லை.
கோட்டைத் தாண்டிச் செம்மண்ணில் பந்தை அழுத்தி
அதன் மேலேயே கிடந்தாள்.

பன்னிரண்டு, எட்டு.
"சவத்த விடு" என்றாள் வடிவு.
அவளே ரெண்டு நாள் விடவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம்.
மாற்றுச் சட்டை அவர்களிடம் கிடையாது.
எங்கள் டெம்போவைத் தேடி வந்தாள் பொன்சிலா,
ஒரு கையால் தோளை மூடிக்கொண்டு.
"ஒங்க ஒம்பது சும்மாதான இருக்கு?"
சும்மாதான் இருந்தது.
"கிழிச்சதுக்குத் தண்டமாக்கும்?" என்று
உள்ளேயிருந்து ஏசினாள் பிரம்மசக்தி.
கழற்றிப் பழையபடி திருப்பி, எண் வெளியே தெரிய
நீட்டினேன். ஈரம் சொட்டியது.
அவள் முகம் சுளிக்கவில்லை.
அவளுடைய கிழிசல் எனக்கு.

அஞ்சரைக்கு மேல் நிற்க முடியாது என்றார் டிரைவர்.
முதல் பாதி நடந்துகொண்டிருந்தது.
பின்கதவு வழியே பார்த்தேன்.
என் ஒன்பது விழுந்தது, எழுந்தது,
பின்னால் வந்த யாருக்கோ பந்தைக் கொடுத்துவிட்டு
மறுபடியும் ஓடியது.
நான் ஓடும்போது ஒருநாளும் பார்க்காத பக்கம் அது.
பிறகு ஒரு வாழைத்தோப்பு வந்து மறைத்தது.

இரவு, ஆயிரம் சுற்ற வேண்டிய இடத்தில் அறுநூறு.
பீடி கட்டும் நூலை ஊசியில் கோத்தேன்.
சிவப்பு நூல்தான் இருந்தது.
சாக்ஸில் செருகி வைத்திருந்த துண்டை
அதன் இடத்தில் வைத்து,
என் விரல் கிழித்துப் போன வழியே
ஊசியை ஓட்டினேன்.

பதினோரு மணிக்குப் போனில் ஒரு படம்.
பதின்மூன்று பேர். கோப்பை இல்லை.
ஒருத்தி மட்டும் எண்ணைக் காட்டித் திரும்பி நிற்கிறாள்.
கீழே எழுதியிருந்தது:
"தோள்ல கொஞ்சம் கிழிஞ்சிட்டுக்கா. தச்சுத் தாரேன்."

இங்கேயும் அதுதான் நடக்கு என்று தட்டினேன்.
அனுப்பவில்லை.
முடிச்சைப் பல்லால் கடித்து
மிச்ச நானூறுக்கு இலையை எடுத்தேன்.